வாங்கிய விளையாட்டும் கடை மாறுதலும்

சதுரங்கப் பலகையொன்றைக் கடையிலே காசு கொடுத்து வாங்குகின்றவன் அதைக் கையிலே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகின்றான். மறுநாள் அந்தக் கடை பூட்டப்பட்டாலும், கடைக்காரர் ஊரை விட்டே போய்விட்டாலும், பலகை அவன் வீட்டிலேதான் இருக்கும். அதைத் தம்பிக்குக் கொடுக்கலாம். அலுத்துப்போனால் பாதி விலைக்கு விற்கலாம். கணினி விளையாட்டுகளும் ஒரு காலத்தில் இவ்வாறே விற்கப்பட்டன. பெட்டிக்குள்ளே இறுவட்டு, இறுவட்டுக்குள்ளே விளையாட்டு. “ஒரு கடையில் வாங்கிய விளையாட்டை இன்னொரு கடைக்கு மாற்றிக்கொள்ளலாமா?” என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால், கேள்வியே விளங்காமற் போயிருக்கும்.

இன்று அக்கேள்வி பலருடைய பணத்தைத் தொடுகின்ற கேள்வியாகிவிட்டது. 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வால்வ் என்னும் அமெரிக்கக் கம்பனி ‘ஸ்டீம்’ என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. தொடக்கத்தில் அது கடையாக இருக்கவில்லை. அக்கம்பனியின் விளையாட்டுகளுக்கு வேண்டிய திருத்தங்களை இணையத்தின் வழியே அனுப்பிவைக்கும் ஏற்பாடாகவே இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ‘ஹாஃப் லைஃப் 2’ வெளிவந்தபோது, பெட்டியும் இறுவட்டுமாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட ஸ்டீமிலே கணக்குத் திறந்து பதிவு செய்த பின்னரே விளையாட முடிந்தது. பலர் முணுமுணுத்தனர். ஆயினும் வழக்கம் நிலைத்துவிட்டது. 2008இல் போலந்து நாட்டிலிருந்து ‘ஜி.ஓ.ஜி.’ வந்தது, 2011இல் ‘ஒரிஜின்’ வந்து, அண்மையில் வேறு பெயரும் உருவும் பெற்றது, 2018 டிசெம்பரில் ‘எபிக்’ கடை திறக்கப்பட்டது. இதன் விளைவாக, ஒருவர் பத்து ஆண்டுகளில் வாங்கிய விளையாட்டுகள் நான்கைந்து கடைகளிலே சிதறிக் கிடக்கின்றன. கடைக்கொரு கணக்கு, கணக்குக்கொரு கடவுச்சொல். எல்லாவற்றையும் ஓரிடத்திலே சேர்த்து வைத்தால் என்ன என்று அவர் எண்ணுவது இயல்பே.

அவ்வாறு சேர்க்க முடியுமா என்பதை அறிவதற்கு, இக்கடைகளிலே பணம் செலுத்துகின்றவருக்கு உண்மையில் என்ன கிடைக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்தில் காணிகளுக்குத் தோம்பு எழுதினார்கள். காணி நிலத்திலே கிடந்தது. அது இன்னாருடையது என்ற செய்தி தோம்பிலே கிடந்தது. இணையக் கடையிலும் அப்படித்தான். விளையாட்டின் கோப்புகள் வாங்கியவரின் கணினிக்கு வந்து சேருகின்றன. அவற்றை இயக்குவதற்கு அவருக்கு அனுமதி உண்டு என்ற செய்தி கடையின் ஏட்டிலே பதியப்படுகின்றது. ஆனால் இவ்விரண்டுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. தோம்பு அரசாங்கத்தின் ஏடு. காணி யார் கைக்கு மாறினாலும் அந்த ஏட்டிலேயே பெயரை மாற்றி எழுதலாம். இணையத்திலோ கடைக்கொரு தோம்பு. ஒரு கடையின் தோம்பிலே உள்ளதை மற்றக் கடை ஏற்கக் கடமைப்பட்டதன்று.

இதனாலேதான் கோப்புகளைப் பிரதி எடுத்துச் செல்வதால் மட்டும் காரியம் ஆவதில்லை. ஒரு விளையாட்டைத் தொடக்கும்போது, அது பெரும்பாலும் தான் வாங்கப்பட்ட கடையின் செயலியை நோக்கி, “இந்தக் கணக்கிலே எனக்கு அனுமதி பதியப்பட்டிருக்கின்றதா?” என்று வினவுகின்றது. ஆம் என்ற விடை வந்தாலே கதவு திறக்கும். ஜி.ஓ.ஜி. கடை மட்டும் இவ்வழக்கத்துக்குப் புறம்பாக நடந்துகொள்கின்றது. அங்கே வாங்கிய விளையாட்டின் நிறுவற் கோப்பை இறக்கி, தனியானதொரு சேமிப்பு வட்டிலே வைத்துக்கொள்ளலாம். பின்னொரு நாளில், இணையத் தொடர்பே இல்லாத கணினியிலும், எவரிடமும் அனுமதி கேளாமல் அதை நிறுவலாம். அதற்காக அந்தப் பிரதியை விற்கவோ ஊருக்கெல்லாம் பகிரவோ உரிமை கிடைத்துவிட்டதென்று கொள்ளலாகாது. அங்கும் கிடைப்பது அனுமதியே. ஆயினும் அந்த அனுமதியைச் செயற்படுத்தும் வல்லமை வாங்கியவரின் கையிலே இருக்கின்றது. சதுரங்கப் பலகைக்கு இக்காலத்தில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய உறவு இதுவே.

கடைகள் ஏன் ஒன்றின் ஏட்டை மற்றொன்று ஏற்பதில்லை? இதை வெறும் வஞ்சகம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. ஸ்டீமிலே ஒரு விளையாட்டு விற்கப்பட்டால் விலையில் நூற்றுக்கு 30 பங்கைப் பொதுவாக அக்கடை எடுத்துக்கொள்கின்றது. விற்பனை 1 கோடி டொலரைத் தாண்டினால் அப்பங்கு 25 ஆகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் குறைகின்றது. எபிக் கடை 12 பங்கு எடுப்பதாக அறிவித்தே தொடங்கியது. ஒருவர் ஸ்டீமிலே பணத்தைக் கொடுத்துவிட்டு, எபிக்கிலே வந்து அதே விளையாட்டை இறக்குவாராயின், பங்கு பெற்றது ஒரு கடை, கோப்புகளை அனுப்பும் செலவையும் வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கேட்கும் தொல்லையையும் ஏற்பது இன்னொரு கடை என்றாகிவிடும். தொழில்நுட்பத் தடையும் உண்டு. நண்பர்களைக் கூட்டி விளையாடுவது, சாதனைகளைப் பதிவது போன்ற பணிகளுக்கு, விளையாட்டுகள் அந்தந்தக் கடையின் சேவைகளோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. எனவே ஒரு கடைக்கென ஆக்கப்பட்ட விளையாட்டு இன்னொரு கடையிலே அப்படியே ஓடுவதில்லை. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். வாங்கியவர் அதே விளையாட்டை இரண்டாவது கடையில் மறுபடியும் வாங்கக்கூடும் என்ற ஆசை வெளியீட்டாளருக்கு இருப்பதும் உண்மையான காரணமே. அதை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவ்வாறாயின் வழியே இல்லையா? வழி உண்டு. அது பலர் எண்ணுவதைவிட எளிய வழி. ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியெண் ஒன்றை ஆக்கலாம். விளையாடுவோர் இதனைக் ‘கீ’ என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். அந்தக் குறியெண்ணைக் கடையின் செயலியிலே பதிந்தால், அனுமதி உரியவரின் கணக்கிலே ஏறிவிடும். வெளியீட்டாளர்கள் தங்கள் விளையாட்டுகளுக்கு இத்தகைய குறியெண்களைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ள ஸ்டீம் இடமளிக்கின்றது. அக்குறியெண்கள் வேறிடத்தில் விற்கப்பட்டாலும் அவ்விற்பனையிலே அது பங்கு கேட்பதில்லை. ஆகவே வெளியீட்டாளர் மனம் வைத்தால், வேறு கடையில் வாங்கியவருக்கு ஸ்டீமிலே ஒரு பிரதியைக் கொடுப்பதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கின்றது. கடை மாறுதலின் சூத்திரம் கடைக்காரரிடம் இருப்பதைக் காட்டிலும் வெளியீட்டாளரிடமே கூடுதலாக இருக்கின்றது.

இதற்கு முதற் சான்று ஸ்டீமின் தொடக்க நாட்களிலேயே உண்டு. ‘ஹாஃப் லைஃப்’ முதலாம் பாகத்தை வாங்கியவர்கள், ‘வொன்’ என்னும் பழைய வலையமைப்பின் வழியே ஒருவரோடொருவர் விளையாடி வந்தார்கள். 2004 ஜூலை 31ஆம் திகதி வால்வ் அந்த வலையமைப்பை மூடியது. பழைய பெட்டியிலே அச்சிட்டிருந்த குறியெண்ணை ஸ்டீமிலே பதிந்தவர்களுக்கு அவ்விளையாட்டு அவர்களுடைய புதிய கணக்கிலே கிடைத்தது. விளையாட்டை ஆக்கியவரும் கடைக்காரரும் அங்கே ஒருவராகவே இருந்தனர்.

இதைவிட முழுமையான சான்று 2022ஆம் ஆண்டிலே கிடைத்தது. ‘டூம்’, ‘ஃபோலவுட்’, ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ ஆகிய புகழ்பெற்ற விளையாட்டு வரிசைகளை வெளியிடும் பெதெஸ்டா கம்பனி, 2016 முதல் தனக்கென ஓர் இணையக் கடையை நடத்தி வந்தது. 2018 நவம்பரில் வெளிவந்த ‘ஃபோலவுட் 76’ கணினிக்கு அந்தக் கடையிலே மட்டுமே முதலில் விற்கப்பட்டது. எல்லோரும் ஸ்டீமிலே கூடியிருக்க, ஒரு விளையாட்டுக்காகத் தனிக் கடைக்கு வருமாறு அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? 2020 ஏப்ரிலில் அவ்விளையாட்டு ஸ்டீமுக்கும் வந்தது. முன்னர் வாங்கியவர்கள், குறித்த நாளுக்குள் தம் இரண்டு கணக்குகளையும் இணைத்துக்கொண்டால், ஸ்டீமிலும் ஒரு பிரதி இலவசமாக வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 2022 பெப்ரவரியில், கடையையே மூடப்போவதாகப் பெதெஸ்டா அறிவித்தது.

மூடிய விதம் பாராட்டத்தக்கது. ஏப்ரில் 27ஆம் திகதி மாற்றும் வசதி திறக்கப்பட்டது. வாங்கியவர் தமது பெதெஸ்டா கணக்கிலே நுழைந்து, அதை ஸ்டீம் கணக்கோடு இணைத்து, மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தால், அவர் வாங்கிய விளையாட்டுகள் ஸ்டீம் நூலகத்திலே வந்து சேர்ந்தன. பணப்பையிலே மீதியாக இருந்த தொகையும் கூடவே வந்தது. மே 11ஆம் திகதி பழைய செயலி ஓய்ந்தது. அதற்குள் மாற்றாதவர்களும் பின்னர் வந்து மாற்றிக்கொள்ள இடமிருந்தது. ஒன்று மட்டும் தானாக வந்து சேரவில்லை. விளையாடியவர் எந்தக் கட்டம் வரை முன்னேறினார் என்பதைக் காட்டும் சேமிப்புக் கோப்புகள் பல விளையாட்டுகளிலே தானாக மாறவில்லை. அவற்றை அவரவரே ஒரு கோப்புறையிலிருந்து இன்னொரு கோப்புறைக்குப் பிரதி செய்ய வேண்டியிருந்தது. அனுமதி சேர்ந்தும் நூறு மணிநேர உழைப்பு பழைய கோப்புறையிலேயே தங்கிவிட்டால், விளையாட்டை நேசிப்பவருக்கு அது பாதி மாற்றமே.

பெதெஸ்டா விற்றது தான் வெளியிட்ட விளையாட்டுகளை. அவை யாவும் ஸ்டீமிலும் விற்பனைக்கு வரவேண்டியவையே. ஆகவே ஒப்புதல் தரவேண்டிய வேறு வெளியீட்டாளர் எவரும் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான வெளியீட்டாளரின் சரக்குகளை விற்கும் பொதுக் கடை ஒன்று மூடப்படுமாயின், ஒவ்வொருவருடைய ஒப்புதலையும் தனித்தனியே பெறவேண்டி வரும். அது எத்தனை கடினம் என்பதை ஜி.ஓ.ஜி.யின் அனுபவம் காட்டுகின்றது.

2016 ஜூன் மாதத்தில் ஜி.ஓ.ஜி. ‘கனெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஸ்டீம் கணக்கை இணைத்துக்கொண்டவரின் நூலகத்தை அது பார்வையிடும். அங்கே உள்ள விளையாட்டுகளில், வெளியீட்டாளர் இசைந்தவற்றுக்கு மட்டும், ஜி.ஓ.ஜி. கணக்கிலும் ஒரு பிரதியை இலவசமாகச் சேர்க்கும். ஸ்டீமில் இருந்த பிரதி அங்கேயே இருந்தது. அதாவது ஒரு விலைக்கு இரண்டு பிரதிகள். அவற்றுள் ஒன்று எவரிடமும் அனுமதி கேளாமல் இயங்குவது. இதைவிட நல்ல ஏற்பாட்டை வாங்குவோர் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இசைந்த வெளியீட்டாளர் சிலரே. முதற் பட்டியலிலே இருந்தவை இருபது அளவிலான விளையாட்டுகள். குறித்த கால எல்லைக்குள் பெற்றுக்கொள்ளாதவர் இழந்தார். சில ஆண்டுகளில் புதிய பெயர்கள் சேர்வது நின்றது. பின்னர் திட்டமே எடுக்கப்பட்டுவிட்டது.

2019இல் அதே கடை வெளியிட்ட ‘கலக்ஸி 2.0’ என்னும் செயலி பலருக்கு மயக்கம் தந்ததுண்டு. அது பல கடைகளில் ஒருவர் வாங்கிய விளையாட்டுகளையெல்லாம் ஒரே பட்டியலிலே அழகாகக் காட்டும். காட்டுமே தவிர மாற்றாது. பட்டியலிலே ஒன்றைத் தெரிந்து அழுத்தினால், பின்னாலே பழைய கடையின் செயலிதான் எழுந்து வந்து அதை இயக்கும். பல வங்கிகளிலே உள்ள கணக்கு மீதிகளை ஒரு தாளிலே எழுதிவைப்பதால் பணம் ஒரு வங்கிக்கு வந்துவிடுவதில்லை.

கடைக்காரரும் வெளியீட்டாளரும் இசையாவிட்டால் சட்டம் கைகொடுக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. 2012 ஜூலை 3ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒரக்கிள் கம்பனியின் மென்பொருள் தொடர்பான வழக்கிலே, விலை பெற்று நிரந்தர அனுமதியோடு கொடுக்கப்பட்ட மென்பொருளை, இணையத்தில் இறக்கியதாயினும், வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாமற் செய்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இத்தீர்ப்பின் துணிவில், ‘யூ.எஃப்.சி. கே ஷுவாசீர்’ என்னும் பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் 2015இல் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. 2019 செப்டெம்பரில் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் விதி செல்லாது என்றது. விளையாடுவோர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2022 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கணினி விளையாட்டு வெறும் மென்பொருளன்று. இசை, ஓவியம், கதை யாவும் சேர்ந்த கூட்டுப் படைப்பு. அத்தகைய படைப்பு இணையத்தின் வழியே வழங்கப்படும்போது மறுவிற்பனை உரிமை அதனோடு செல்வதில்லை என்பது அதன் முடிவு. 2024 ஒக்டோபரில் பிரான்சின் அதியுயர் நீதிமன்றமும் அம்முடிவை உறுதிப்படுத்தியது.

கணக்கு இயக்கும் மென்பொருளை விற்கலாம், அதே வழியில் இறங்கிய விளையாட்டை விற்கலாகாது என்பது பொதுமக்களுக்கு விளங்காத வேற்றுமையே. விளையாட்டு விரைவிலே ஆடி முடிக்கப்பட்டு, புதுமை குன்றாமலே மறுசந்தைக்கு வந்துவிடும் என்ற மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கவலையிலே நியாயம் இல்லாமலில்லை. இறுவட்டுக் காலத்திலும் அது அப்படித்தான் இருந்தது. அப்போது தொழில் அழிந்துவிடவில்லை என்பதையும் கூடவே நினைத்துப் பார்க்கலாம்.

கலிபோர்னியா மாநிலம் வேறொரு வழியைத் தெரிந்தது. உரிமையைக் கொடுக்கச் சொல்லாமல், உண்மையைச் சொல்லச் சொன்னது. 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த அதன் சட்டத்தின்படி, கிடைப்பது வெறும் அனுமதியே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லை இணையக் கடை பயன்படுத்தலாகாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கோப்பாகக் கொடுப்பவர்களுக்கு இக்கட்டாயம் இல்லை. சட்டம் வருமுன்பே, 2024 ஒக்டோபரில், ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்திலே அத்தகைய அறிவிப்பை இட்டது. பல பக்க நீளமான ஒப்பந்தத்தின் உள்ளே இருபது ஆண்டுகளாக உறங்கிய செய்தி ஒரு வரியாகி மேலே வந்தது.

ஆகவே இன்றைய நிலையில் வாங்குவோர் செய்யக்கூடியவை சிலவே. ஆனால் அவை பயனுள்ளவை. வாங்குவதற்கு முன்னரே எந்தக் கடையிலே நிலைத்திருக்க விருப்பம் என்பதைத் தீர்மானித்தல் நன்று. ஏனெனில் பதியப்படாத குறியெண்ணுக்கே நடமாட்டம் உண்டு, ஒரு கணக்கிலே பதிந்த குறியெண் மறுமுறை பயன்படாது. கடையொன்று மூடப்படுவதாக அறிவித்தால், அன்றே கணக்கிலே நுழைந்து மாற்று ஏற்பாடு உண்டா என்று பார்த்தல் வேண்டும். கணக்கை அப்படியே விலைக்கு வாங்கலாம் என்று கூறி வருபவரிடம் ஏமாறலாகாது. ஸ்டீம் போன்ற கடைகளின் ஒப்பந்தம் கணக்கைக் கைமாற்றுவதைத் தடுக்கின்றது. பழைய உரிமையாளர் கடவுச்சொல்லை மீட்டெடுத்துக்கொண்டால், பணம் கொடுத்தவருக்கு முறையிட இடமில்லை.

இரண்டு கடைகளிலும் ஒரே விளையாட்டு ஒருவருக்கு உண்டாயின், அதன் கோப்புகளைச் சில வேளைகளில் இறக்காமலே கொண்டு செல்லலாம். இன்றைய விளையாட்டுகள் பல 50, 100 கிகாபைற்று அளவின. தரவை அளந்து விலைக்கு வாங்கும் வீட்டிலே இது சிறிய செலவன்று. புதிய கடையில் இறக்கத் தொடங்கி, சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டு, பழைய கோப்புறையில் உள்ளவற்றைப் புதிய கோப்புறையிலே பிரதி செய்து, மீண்டும் தொடரச் சொன்னால், செயலி உள்ளதைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கும். இரண்டு கடைகளிலும் உள்ள பதிப்புகள் பெரிதும் ஒத்திருந்தாலே இது பலிக்கும்.

சேமிப்புக் கோப்புகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அவை சில விளையாட்டுகளில் ‘டொக்கியுமென்ற்ஸ்’ கோப்புறையிலும், சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட ‘அப்டேற்றா’ கோப்புறையிலும், சிலவற்றில் கடையின் சொந்தக் கோப்புறையிலும் இருக்கும். முதலில் அவற்றை வேறிடத்திலே பிரதி எடுத்து வைத்து, புதிய கடையின் விளையாட்டை ஒருமுறை தொடக்கி மூடினால், அதற்குரிய கோப்புறை தானே உண்டாகும். கடை இணையத்திலே வைத்திருக்கும் வெறுமையான சேமிப்பு பழையதன் மேலே எழுதிவிடாதபடி அவ்வசதியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, கோப்புகளை உரிய இடத்திலே இடவேண்டும். மைக்ரோசொஃப்ற் கடையின் விளையாட்டுகள் பல சேமிப்பை வேறு அமைப்பிலே எழுதுவதால், அவற்றை ஸ்டீமுக்குக் கொண்டுவர இவ்வளவு மட்டும் போதாது. எக்கடையாயினும், விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்கின்றது என்பதைக் கண்ணாலே கண்ட பின்னர்தான் பழைய பிரதியை அழித்தல் வேண்டும்.